உப்புக்குப் பழகிய நாக்கு

சாத்தான்குளத்துக்குத் தெற்கே என் அப்பா வாங்கிப்போட்ட நிலத்தில் உடைமரத்தைத் தவிர வேறெதுவும் முளைத்ததில்லை. துறைமுகத்தில் லாரி ஓட்டி முதுகு போன என் கணவர், "இதுல வாழை வச்சு, அது காய்ச்சிட்டா வேலைய விட்டுருவேன்" என்று கிளம்பினார். அவர் விடவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் செம்மண்ணுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடும் ஆர்வம் அதைவிட அதிகம்.

உடைமரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு போர் போட்டோம். முதலில் சேறு வந்தது, அப்புறம் தெளிந்த தண்ணீர். ஆளுக்கொரு கை அள்ளிக் குடித்தோம்.

"ஏளா, இளநி மாதிரி இருக்குல்லா?" என்றார் என் கணவர்.

நானும் ஆமாம் என்றேன். போர் போட்டவர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். குடித்துப் பார்த்தாயிற்று, அப்புறம் என்ன சோதனை?

வாழை வைத்தோம். மிச்சமிருந்த ஓரத்தில், வேலிக்கு ஆகட்டுமென்று முருங்கைக் குச்சிகளை ஊன்றினோம். வாழை கொஞ்சநாள் நன்றாக இலை விட்டது. பிறகு இலையோரம் கருக ஆரம்பித்தது. வெயில்தான் காரணம் என்று தண்ணீரைக் கூட்டினோம். கூட்டக் கூட்டக் கருகியது. தண்ணீர் ஊற்றினால் காய்ந்துபோகிற பயிரை நான் கேள்விப்பட்டதே இல்லை. எரிச்சலாக இருந்தாலும், தினமும் போய் இலையைத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் என் தம்பி மனைவி தோட்டம் பார்க்க வந்தாள். தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊரில் பிறந்தவள். எங்கே போனாலும் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருவாள். மகாராணி என்று கேலி செய்வோம். அன்றைக்குப் பாட்டில் காலி. குழாயில் ஒரு வாய் குடித்தவள் அப்படியே துப்பினாள்.

"மதினி, இது உப்பால்லா கரிக்கு?"

நாங்கள் மறுபடி குடித்துப் பார்த்தோம். எங்களுக்கு இளநீர்தான். அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய தெருக்களில், கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். கரிப்பு கொஞ்சம் குறைந்தாலே எங்களுக்குத் தித்திப்பு. அந்த நாக்கை நம்பி வாழை வைத்திருக்கிறோம்.

என் கணவர் வாழைக்கன்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப லாரிதான்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேலியோரம் நடந்தேன். அங்கே முருங்கை என்னைவிட உயரமாக, பூவும் பிஞ்சுமாக நின்றது. அதுவும் இதே தண்ணீரைக் குடித்ததுதான்.

"இங்கன வந்து பாருங்க."

வந்து, ஒரு பிஞ்சைக் கடித்துப் பார்த்தார். "இதுவும் நம்ம ஊருதான் போல."

வாழை இருந்த இடமெல்லாம் இப்போது முருங்கை. போன வாரம் காயை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி, அவரே சந்தைக்கு ஓட்டிப்போனார். துறைமுகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். திரும்பி வந்தவரிடம், முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கத்தான் செய்யுது. ஆனா சொந்த லோடுல்லா."