ஒற்றை விரல் கார்டு

மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பது பாட்டுக்குப் பாய் விரிக்கிற வேலை; பாட்டு வந்து சௌகரியமாகப் படுத்துக்கொள்ளும், பாயை எவனும் பார்ப்பதில்லை. நீங்களும் கிட்டார்க்காரர் என்றால் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பேசாத பெட்டி

தசரா கச்சேரிகளுக்கு முன்னால் எங்கள் பாளையங்கோட்டைக் குழுவுக்குப் புதுக் கீபோர்டு வந்தது. இடக்கை விரல் ஒன்றை வைத்தால் போதும். மூன்று சுரம் சேர்ந்து கார்டாக விழும், கூடவே தாளமும் ஓடும். குழுவை நடத்துகிற பாடகன் சுடலைமுத்துவுக்கு உடனே ஞானம் பிறந்தது. இனி கிட்டார் எதற்கு?

ஒத்திகையில் அவனிடம் சொல்லிப் பார்த்தேன். "சி கார்டுல தொடங்கின பாட்ட ஜி-யில விட்டா ஒத்தக் கால்ல நிக்க மாதிரிவே. சி-க்குத் திரும்புனாத்தான் மத்தக் கால் தரையில படும். அது காதுக்குத்தான் தெரியும், பெட்டிக்குத் தெரியாது."

"தெரியாட்டாலும் அது பேசாமக் கெடக்குல்லா அண்ணாச்சி."

நாலே இடம்

ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. அதுவரைக்கும் கிட்டாரும் உண்டு. சி, ஏ மைனர், எஃப், ஜி. சினிமாப் பாட்டில் பாதி இந்த நாலு கார்டுக்குள் அடங்கிவிடும். அடங்குவது என் குற்றமா? பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு, பாடுகிறவனை விட்டுவிட்டு என் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் நேரே வந்தார். பக்கத்தில் சுடலைமுத்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"என்னவே, எல்லாப் பாட்டுக்கும் கைய அதே நாலு எடத்துலதான் வைக்கீரு. அஞ்சாவது எடத்துல கம்பி அந்து கெடக்கோ?"

காளி ஆடினார்

அடுத்தது குலசேகரன்பட்டினம் அம்மன் கோயில் தசரா; வேஷம் கட்டி வருகிற பக்தர்கள் கூட்டம். பெட்டி மட்டும் போதும் என்று சுடலைமுத்துவின் உத்தரவு. அது சரியாக வந்துவிட்டால் நான் நிரந்தரமாக வீட்டில் இருக்கலாம். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்டேன்.

யாரோ சீட்டு அனுப்பி ஒரு பாட்டுக் கேட்டார்கள். ஊரை விட்டுப் போன மகனை நினைத்து ஒரு தாய் அழுகிற பாட்டு. ஏ மைனர். ஒத்திகை கிடையாது. ஒற்றை விரலுக்கு அந்தப் பெட்டி மேஜர்தான் தரும், அதாவது சிரித்த முகம். மைனர் வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு கட்டையையும் சேர்த்து அழுத்தணும். அதுவரை மேஜர் பாட்டாகவே பொறுக்கி ஓட்டியிருந்ததால் கீபோர்டு கணேசன் அந்தப் பக்கமே போனதில்லை. ஏ-யில் விரலை வைத்தான். நடுச் சுரம் அரைப்படி ஏறியது; பின்னாலேயே சுடலைமுத்துவின் குரலும் ஏறியது. தாய் அழுகையைத் துடைத்துவிட்டு விருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

காளி வேஷம் கட்டிய ஒருவர் சூலத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஆட ஆரம்பித்தார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்க மேடையடிக்கு வந்தார் காளி. "அழுகைப் பாட்டுன்னு சொன்னீரு. ஆடி ஆடி முட்டு கழண்டு போச்சுவே."

சுடலைமுத்து இறங்கி என்னிடம் வந்தான். முகம் தொங்கிக் கிடந்தது.

"அண்ணாச்சி, சந்தோசத்துக்குப் பெட்டி இருக்கு. அழுகைக்கு மட்டும் நீங்க வந்துருங்க."

ஆக, பாட்டில் யாராவது அழுதால்தான் இனி எனக்குக் கச்சேரி. அம்மன் புண்ணியத்தில் சினிமாக்காரர்கள் அழுகையை நிறுத்தாமல் இருக்க வேண்டும்.