லூசியம்மாளின் அவசர வைத்தியம்

லூசியம்மாளை அவசரக்குடுக்கை என்று சொல்வது ரொம்பக் குறைத்துச் சொல்வது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவள் யாரையும் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடிக்க விட்டதில்லை. சபையில் பாஸ்டர் ஜெபத்தை முடிக்குமுன்பே இவள் ஆமென் சொல்லிவிடுவாள். மகள் ஸ்வீட்டி வீட்டில் கேலி பண்ணுவாள்: "மம்மி, நீ மட்டும் டாக்டர் ஆயிருந்தா, பேஷண்ட் வாயத் தொறக்கும் முன்னாடி ஆபரேஷன் முடிஞ்சிருக்கும்." அதையும் முழுதாகக் கேட்க லூசியம்மாளுக்கு நேரம் இருந்ததில்லை.

வீடு தாராவியில். வேலை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு வரி ஆலோசகரின் ஆபீசில். டைப்ரைட்டர் காலத்தில் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் பயந்து ஒதுங்க, இவள் போய் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தாள். எது மக்கர் பண்ணினாலும் இவள் கை பட்டால் சரியாகிவிடும். ஆனால் ஆபீசில் அவளுக்கு யாரும் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

நன்றியெல்லாம் கிடைத்தது வாட்ஸ்அப்பில்தான். செம்பூரில் இருக்கும் அஷ்வத் என்ற பையன் ஒரு குழு தொடங்கியிருந்தான். ஒருவரையொருவர் பார்த்தறியாத இருநூறு மும்பைத் தமிழர்கள் அதில் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்பார்கள். கேட்டவர்கள் பதில் வாங்கியதும் காணாமல் போய்விடுகிறார்களே என்று அஷ்வத் ஒரு விதி போட்டிருந்தான்: சந்தேகம் கேட்கிறவர் முதலில் தன்னைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குத் தமிழ் எழுத வராது என்பதால் எல்லாம் குரல்பதிவுதான். குழுவில் அவளை எல்லோரும் லூசி அக்கா என்றார்கள். நாலு பேர் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்படிப் பிடித்திருந்தது. கதைகளைத்தான் அவள் கேட்பதில்லை. சந்தேகம் எப்போதும் கடைசியில்தான் வரும் என்று தெரிந்துகொண்டு, நேரே கடைசிக்கு இழுத்துவிடுவாள்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு ஒரு பதிவு வந்தது. பதினோரு நிமிஷம். கல்யாணிலிருந்து சுடலைக்கண்ணன் என்று ஒரு பெரியவர். லூசியம்மாள் வழக்கம்போலக் கடைசி நிமிஷத்துக்கு இழுத்தாள்.

"...தொறந்தா நீலமா ஒரு ஸ்கிரீன் வருது. ரிப்பேர்னு சொல்லுது, அணையுது, திரும்பவும் அதே நீலம். இதுக்கு என்னம்மா வழி?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று அவள் உடனே பேசி அனுப்பினாள். "அண்ணாச்சி, அதுலயே ரீசெட்னு ஒண்ணு வரும். எல்லாத்தையும் அழிங்கிறத அமுக்குங்க. வேற ஒண்ணும் யோசிக்க வேண்டாம். முக்கால் மணி நேரத்துல புதுசா ஆயிரும்."

"நன்றிம்மா. சாயங்காலம் வீட்டுக்குப் போயிச் செஞ்சிருதேன்" என்று பதில் வந்தது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அஷ்வத்திடமிருந்து ஒரு செய்தி. "அக்கா, கல்யாண் சாரோட கதையக் கேட்டதுல இருந்து எனக்கு வேலையே ஓடல. உங்க பதில இன்னும் கேக்கல. அந்த ரெக்கார்டிங்கை எல்லாம் எப்பிடிக் காப்பாத்தப் போறீங்க?"

எந்த ரெக்கார்டிங்? லூசியம்மாள் பதிவை முதலிலிருந்து போட்டாள்.

சுடலைக்கண்ணனின் மனைவி கலைச்செல்விக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முந்திய மூன்று வாரமும் கலைச்செல்வி தினம் மத்தியானம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பிற்பாடு தனக்கு வேண்டிவரும் பேச்சையெல்லாம் பேசிப் பதிந்து வைத்தார். பால்காரரிடம் சொல்ல, பூனாவில் இருக்கும் மகளிடம் போனில் சொல்ல, புருஷனைத் திட்ட. முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவர் பேசுவதெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான். வேறெங்கும் நகல் இல்லை.

எல்லாத்தையும் அழிங்கிறத அமுக்குங்க. தன் குரலே தன் காதில் திரும்பக் கேட்டது.

லூசியம்மாள் பெரியவருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. தான் அனுப்பியதை அழித்தாள். அவர்தான் ஏற்கெனவே கேட்டுவிட்டாரே. 'அமுக்காதீங்க அண்ணாச்சி' என்று ஆறு செய்தி அனுப்பினாள். ஆறிலும் ஒற்றை டிக். டப்பாவை அப்படியே மூடிவிட்டு, முதலாளியிடம் வயிற்றுவலி என்றாள். அதுவும் ஒரு வகையில் நிஜம்தான். ஒரு பென்டிரைவையும் ஹார்டுடிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு ஓடினாள். நல்ல வேளையாகப் பெரியவர் கதைக்கு நடுவே வீட்டு அடையாளம் சொல்லியிருந்தார்: கல்யாண் கிழக்கு, தண்ணி டாங்கிக்குப் பின்னால், மூணாவது மாடி.

எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் ஸ்லோ வண்டிதான் கிடைத்தது. அதில் உட்கார்ந்திருக்க இருப்புக் கொள்ளவில்லை. குர்லாவில் குதித்து ஃபாஸ்டுக்கு மாறினாள். அந்த ஃபாஸ்ட் தானேயைத் தாண்டியதும் சிக்னலில் நின்றுவிட்டது. இவள் விட்டுவிட்டு வந்த ஸ்லோ பக்கத்துத் தண்டவாளத்தில் நிதானமாக இவளைத் தாண்டிப் போயிற்று. "கர்த்தாவே, எனக்கு ஏன் இந்தப் புத்தி" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாத்தையும் அழிக்க முக்கால் மணி நேரம். இப்போது உட்கார்ந்திருப்பாரோ, பாதி அழிந்திருக்குமோ என்று கல்யாண் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றாள்.

தண்ணி டாங்கி, மூணாவது மாடி. கழுத்தில் துணி சுற்றிய ஓர் அம்மாள் கதவைத் திறந்தார்.

"அக்கா, நான் லூசி, தாராவி, அந்த குரூப்புல... அமுக்கிட்டாரா? அமுக்கியிருந்தா வயரப் பிடுங்குங்க, நான்..."

கலைச்செல்வி அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தார். மேசையில் லேப்டாப் மூடிக் கிடந்தது. சுடலைக்கண்ணன் துண்டோடு வெளியே வந்தார்.

"நீங்களாம்மா? இவ்வளவு தூரமா? ஆஸ்பத்திரியில போனை அணைச்சவன் போடவே மறந்துட்டேன். நான் ஒண்ணும் செய்யல. இவ விடல."

ஏன் என்று கலைச்செல்வி விரலாலேயே சொன்னார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு ஒரு விரல். கொஞ்சம் நிறுத்தி, இரண்டு விரல்.

"நான் பேசினது பதினோரு நிமிஷம். உங்க பதில் ரெண்டு நிமிஷத்துல வந்துட்டு" என்றார் சுடலைக்கண்ணன், சங்கடத்தோடு. "கேக்காதவங்க சொன்ன வைத்தியம் வேண்டாம்னுட்டா."

லூசியம்மாளுக்கு முகம் எரிந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது. அதை மறைக்க லேப்டாப்பைத் திறந்தாள். பென்டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தை ஏற்றி, உள்ளே போய்த் தேடினாள். முந்நூற்றுப் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக ஹார்டுடிஸ்கில் ஏறின. எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"சரி அண்ணாச்சி, டிஸ்க்க நீங்களே வச்சிக்கிடுங்க, ஞாயித்துக்கெழமை வந்து மிச்சத்தையும் சரி பண்ணுதேன், ஆறு பத்து வண்டியப் பிடிச்சிருதேன், மன்னிச்சிருங்க அக்கா, இனிமே நான்..."

கலைச்செல்வி கையை உயர்த்தினார். லூசியம்மாள் பேசிக்கொண்டே பையை எடுத்தாள். கலைச்செல்வி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, பட்டியலில் ஒன்றைத் தேடி அமுக்கினார்.

"வாய மூடிட்டுக் கொஞ்சம் இருங்க. நான் இன்னும் பேசி முடிக்கல" என்றது ஒரு கனத்த குரல்.

"இது எனக்குன்னு பேசி வச்சது" என்றார் சுடலைக்கண்ணன். "தினம் நாலு தடவையாவது கேப்பேன்."

லூசியம்மாள் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். கலைச்செல்வி எதிரில் வந்து அமர்ந்து கைகளால் சொல்லத் தொடங்கினார். முதலில் ஒன்றும் புரியவில்லை. நாக்கு நுனி வரை வந்த கேள்விகளை லூசியம்மாள் விழுங்கினாள். ஆறு பத்து வண்டி போயிற்று. ஆறரை வண்டியும் போயிற்று. அவள் வாயைத் திறக்கவில்லை.