பத்தாவது பாண் துண்டு

அலெக்ஸாண்டருக்கு நாற்பத்தொரு வயதில்தான் வீட்டுக்குள் பேக்கரிப் பாண் துண்டுகளை ஒளித்து வைக்கும் வேலை வந்து சேர்ந்தது. லெனின்கிராட்டில் அவருடைய அப்பா தாங்கள் யூதர் என்பதையே வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு பண்டிகையும் மகனுக்குக் கைமாறவில்லை. ரொறன்ரோ வந்து, ஜன்னல் சட்டம் செய்யும் ஃபக்டரியில் வேலை எடுத்து, மகள் ராயாவை யூதப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். எட்டு வயதுக்காரி அங்கே கற்றதையெல்லாம் கொண்டுவந்து, "எங்கட வீட்டில ஏன் இது இல்லை?" என்று கேட்பாள். அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்குவார்.

யூதரின் பாஸ்கா பண்டிகை எட்டு நாளும் வீட்டில் பாண் தூள்கூட இருக்கக் கூடாது. அதனால் பண்டிகைக்கு முதல் நாள் பொழுதுபட, பெரியவர்கள் ஒளித்த பத்துத் துண்டுப் பாணைப் பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் தேடி, இறகால் கூட்டி எடுப்பார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு பள்ளிக்கூடம் கொடுத்த தாளை அலெக்ஸாண்டர் மூன்று தரம் வாசித்தார். துண்டுகளை ஈயத்தாளில் சுற்றினார். ஒளித்த இடங்களை எழுதி வைக்கும்படி தாளில் இருந்தது. என் வீடு எனக்குத் தெரியாதா என்று அதை மட்டும் விட்டுவிட்டார்.

ஒன்பது கிடைத்தன. மனைவி லீனா சோபாவையே புரட்டிப் பார்த்துவிட்டாள்.

"மற்றப் பிள்ளைகளின்ர அப்பாமாருக்கு இதெல்லாம் தெரியும்," என்றாள் ராயா. மெழுகு அவள் விரலில் வழிந்தது.

அலெக்ஸாண்டர் பேஸ்மென்ரில் குடியிருந்த சசிகரனின் கதவைத் தட்டி இங்கிலிஷில் கேட்டார்.

"சசி, ஈயத்தாளில சுத்தின சின்னப் பொட்டலம் ஒண்டு கண்டனீரோ?"

சசிகரனின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. "வோஷிங் மெஷினுக்கு மேல இருந்ததோ?"

"ஓம்! அங்கதான்!"

"அண்ணை... அதை நான் திண்டிட்டன். வேலையால பசியோட வந்தன். மனிசி வைச்சதெண்டு நினைச்சன்."

"நான் எந்தக் காலத்தில உங்களுக்கு வோஷிங் மெஷினில சாப்பாடு வைச்சனான்?" அவன் மனைவி நிஷாந்தி தமிழுக்கு மாறினாள். "கண்டதையெல்லாம் வாயில போடுறதே?"

அலெக்ஸாண்டருக்குப் பாஷை விளங்கவில்லை. தொனி நன்றாக விளங்கியது. லீனாவிடம் அவர் வாங்குவதும் அதே தொனிதான். பின்னால் படியில் ராயா நின்றாள். திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"முழுசாவோ, அங்கிள்? தூள் விழயில்லையோ?"

"ஒரு தூளும் விழயில்லை, பிள்ளை. நல்ல பாண்."

ராயா யோசித்தாள். "அப்ப வீட்டில பாண் இல்லை. அங்கிள் யூதர் இல்லைத்தானே, அவற்ர வயித்தில இருக்கலாம்." மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, படியிலேயே குந்தியிருந்து, விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வருடம் அலெக்ஸாண்டர் இடங்களை எழுதி வைத்தார். ஒன்பதுதான். பத்தாவது துண்டை ராயா பட்டர் பூசி, தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோனாள். கூட வந்த பள்ளிச் சிநேகிதி, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டாள்.

"புத்தகத்தில இல்லை. இது எங்கட குடும்பத்து வழக்கம். அப்பாட்டயிருந்து வந்தது."

மேலே அடுப்படியில் அது காதில் விழுந்த அலெக்ஸாண்டர் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை," கீழேயிருந்து சசிகரனின் குரல் வந்தது, "வாற வருசம் பட்டர் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கோ!"