மேல்மாடிச் சுவருக்குள் வைத்த நேர்த்தி

இதை எழுதுவதா விடுவதா என்று கன வருடம் யோசித்தேன். தெய்வக் குற்றமாகிவிடுமோ என்ற பயம். என் மனிசி வாசித்து அழுவா என்ற பயமும்தான்.

மொன்றியலில், பழைய துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கல்லுக் கட்டடம். ஒரு காலத்தில் இந்த நகரத்திலேயே உயரமானது அதுதானாம். வங்கிக்காரரும் காப்புறுதிக்காரரும் இருந்த இடம். நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தபோது பாதி மாடிகள் வெறுமை. லிஃப்டின் பித்தளைக் கதவை மினுக்குவது என் பொறுப்பு.

இலங்கையில் யுத்தம் முடிந்த கையோடு ஊரில் என் தம்பி காணாமல் போனான். அவன் வரவேண்டுமென்று முருகனுக்கு நேர்த்தி வைத்து, ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்தேன். காரியம் நிறைவேறிக் கோயிலில் சேர்க்கும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. நகரத்தின் மேற்கே பியர்பொன்ட்ஸில் இருக்கிற எங்கள் வீட்டில் மீன், இறைச்சியென்று மச்சம் சமைக்கிறது. அதனால் உயரமான, சுத்தமான இடமென்று மேல்மாடி லிஃப்ட் மெசின் அறையில், கல் பெயர்ந்த பொந்தொன்றுக்குள் வைத்தேன். வேலை நாளெல்லாம் அங்கே நின்று கும்பிட்டேன்.

பிறகு கட்டடத்தை வீடுகளாக மாற்றப்போவதாகச் சொல்லி எங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி நாள் மனிசி கேட்டா: “அதை எடுத்துக்கொண்டு வாறியளே?”

“அவன் வராமல் எடுத்தால், இனி வரமாட்டான் எண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ?” என்றேன். கல்லுச் சுவரை ஆர் இடிக்கப்போகினம் என்றும் நினைத்தேன்.

வீடுகள் விற்பனைக்கு வந்தபோது, நல்ல சேர்ட் போட்டு, வாங்க வந்த ஆள்போல மேலே போனேன். மெசின் அறை இப்போது ஒரு வீட்டின் குசினி. பொந்து இருந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி. அந்தச் சுவரை இடித்துக் குப்பையோடு ஏற்றிவிட்டார்கள் என்று வீடு காட்டிய பெண் பிரெஞ்சில் சொன்னாள். பித்தளைக் கதவை மட்டும் கீழே அழகுக்கு வைத்திருந்தார்கள். வெளியே வரும்போது என் கை தன்பாட்டில் அதைத் துடைத்தது.

வீட்டுக்கு வந்து மனிசிக்குச் சொன்னேன். “இன்னொண்டு முடிஞ்சு வையுங்கோ” என்றா. புதிய மஞ்சள் துணியொன்றை எடுத்தேன். நேர்வதற்கு வாயில் சொல் வரவில்லை. துணி இன்னும் மடித்தபடி சாமிப் படத்தடியில் கிடக்கிறது. காலமையில் விளக்கேற்றுகிறேன், கும்பிடுகிறேன். ஒன்றும் கேட்பதில்லை.

மனிசி இதைக் கோயிலில் இரண்டு பேருக்குச் சொன்னா. கதை பக்கத்திலிருக்கிற ரொக்ஸ்பரோ போய்ச் சேரமுன்னமே, ஆட்களின் வாயில் முடிச்சும் அகப்பட்டு, தம்பியும் வந்துவிட்டான். ஆட்கள் போன் எடுத்துச் சந்தோசம் சொன்னார்கள். அதனால்தான் எழுதினேன். வாசித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ. ஆனால் கதையில் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து விடாதேயுங்கோ. அவன் வரவில்லை.