துரைக்கு விழுந்த அடி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் லாண்டரி அக்கா என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். இருபத்திரண்டு வருடமாக வீட்டின் முன்னறையே கடை. பின்னால் இருக்கும் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் குடித்தனம், கொல்லையில் புழங்காத பழைய குளியலறை ஒன்றும் உண்டு. காலரின் உட்பக்கத்தைப் பார்த்தே சட்டை யாருடையது என்று சொல்லிவிடுவாள். துணியின் மேல் ஒரு தடவை கையை ஓட்டினால் போதும், இஸ்திரிப் பெட்டியில் எவ்வளவு சூடு வேண்டும் என்று அந்தக் கைக்கே தெரியும்.

அவள் கணவர் ஸ்கூட்டரில் மூட்டை கட்டிப் போய் வீடு வீடாகத் துணி கொடுத்து வருபவர். பேச்சும் அவர் பொறுப்பு. வாசலில் வண்டி நிற்பதற்கு முன்பே அவர் குரல் உள்ளே வந்துவிடும். அவளோ அதிர்ந்து பேசமாட்டாள். பொத்தான் உடைந்துவிட்டது, மடிப்பு சரியில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தாலும், "குடுங்க, பாக்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. பொறுமைக்கு அவளைத்தான் தெருவில் உதாரணம் காட்டுவார்கள். அவளும் தன்னை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பிள்ளைகள் இல்லை. துரை இருந்தான்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதியிலிருந்து வந்த திரைச்சீலை மூட்டையை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த குட்டி அவன். சாம்பல் நிறக் கடுவன். வளர்ந்து கொழுத்து, தேய்த்து அடுக்கிய துணியின் சூட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, வருகிறவர்களை மேலும் கீழும் பார்ப்பான். "துரை இன்னிக்கு நம்மள ஏத்துக்குவாரா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டுவிட்டுத்தான் மூட்டையை இறக்குவார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடத்தில் ஒரு துணியில் நகம் பட்டதில்லை, ஈரம் பட்டதில்லை.

அதனால்தான் அழுக்கு மூட்டையின் மேல் முதல் தடவை அவன் சிறுநீர் கழித்தபோது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அடுத்தது கால்மிதியில். அதற்கடுத்து மெத்தையில். தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் காலி. வெயில் காலம், தாகம் என்று நினைத்துக்கொண்டாள். அவள் நினைப்பில் கெடுதல் இல்லை, கவனமும் இல்லை.

கணவர் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. வங்கி மேலாளர் அம்மாள் ஒருத்தி, பன்னிரண்டு வருட வாடிக்கை, இரண்டு நாள் முன்னால் எட்டு வெள்ளைச் சட்டை வாங்கிப் போயிருந்தாள். காலையில் அதே பையுடன் வந்து மேசைமேல் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"பூனை வாடை அடிக்குது அக்கா. மீட்டிங்ல பக்கத்துல உக்காந்தவர் தள்ளி உக்காந்தாரு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவள் "குடுங்க, பாக்கிறேன்" என்றாள். "வேண்டாம், வேற எடத்துல பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சட்டைகளோடு பையை எடுத்துக்கொண்டு போனாள். கடையில் அப்போது இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருவரும் தங்கள் துணியை முகர்ந்து பார்த்தார்கள்.

அவர்கள் போனதும் உள்ளே வந்தாள். துரை கிண்ணத்தில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கோட்டு மாட்டும் மர ஹேங்கர் கிடந்தது. அதை எடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. இடுப்பில் ஓர் அடி. அவன் திரும்பிப் பார்த்தான், ஓடவில்லை. அவன் ஓடியிருந்தால் இரண்டாவது அடி விழுந்திருக்காது என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். அவள்தானே அடிக்கிறாள், எதற்கு ஓடவேண்டும் என்று அவன் நின்றிருப்பான். இரண்டாவது அடிக்குப் பிறகு கொல்லைக் குளியலறையில் தூக்கிப் போட்டு, மணல் தட்டும் சாப்பாட்டுத் தட்டும் தண்ணீரும் வைத்துத் தாழ் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து வந்த கணவர், "துரை எங்க?" என்று கேட்டார்.

"துணியில போறான். கொஞ்ச நாள் உள்ளயே இருக்கட்டும்" என்றாள். பொய் இல்லை. முழுசும் இல்லை.

எட்டாம் நாள் கணவர் கதவைத் திறந்தபோது தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. துரை எழுந்து வந்தான். பின்னங்கால்களின் குதி தரையில் படிய, முயல் மாதிரி தேய்த்துத் தேய்த்து வந்தான். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அவளுக்கு இடுப்பை உடைத்துவிட்டேன் என்ற ஒரே நினைப்புதான் உள்ளே ஓடியது.

கால்நடை மருத்துவர் சிறு வயதுக்காரி, வேகமான கை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சர்க்கரை. ரொம்ப அதிகமா இருக்கு. அதான் அவ்ளோ தண்ணி, அவ்ளோ ஒண்ணுக்கு. அவனால அடக்க முடிஞ்சிருக்காது." காலைத் தடவிக்கொண்டே, "எங்கயாவது விழுந்தானா? அடி கிடி பட்டுதா?" என்றாள்.

"இல்லீங்க."

அந்த வார்த்தை அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் கணவர் நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அவள் மறைத்தது அப்படித்தான். அவள் பூசணிக்காய் மூச்சு வேறு விட்டுக்கொண்டு மேசையில் படுத்திருந்தது.

இரண்டு நாள் அங்கேயே வைத்து டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். காலை ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி, இன்சுலின். தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து ஊசியை விடவேண்டும். மருத்துவர் ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னாள்: "முதல்ல சாப்பிடணும், அப்புறந்தான் ஊசி. சாப்பிடலைன்னா போடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க. சாப்பிடாத வயித்துல போட்டா சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும். உயிருக்கே ஆபத்து."

ஊசி போட இரண்டு நாளில் பழகிவிட்டாள். வயிறாரச் சாப்பிட வைப்பதுதான் நடக்கவில்லை; இரண்டு வாய் உள்ளே போன வேளைகளில் மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு குறைந்த அளவு போட்டாள். கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பஞ்சு மாதிரிப் பிய்த்து வைத்தாள். மீன் வைத்தாள். டப்பா உணவைச் சுடுதண்ணீரில் வைத்து வாடை எழும்பும்படி சூடாக்கினாள். துரை முகர்வான், உதட்டை நக்குவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். தரை கழுவ வசதி என்று தட்டு இன்னும் குளியலறையில்தான் இருந்தது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, "ஒரு வாய்டா, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவாள். தட்டை நகர்த்த அவள் கை உயரும்போதெல்லாம் அவன் காது தலையோடு படிந்துபோகும்.

"நோவுல பயந்து கெடக்குறான் பாவம்" என்றார் கணவர்.

எதற்குப் பயம் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் காலை, பள்ளிச் சீருடைகள் குவிந்திருந்தன. ஆறரைக்குத் தட்டை வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். ஏழு மணிக்கு வந்து பார்த்தால் தட்டு துடைத்தாற்போல் இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "தின்னுட்டியா என் ராசா" என்று சொல்லிக்கொண்டே முழு அளவு ஊசியையும் போட்டாள். அன்று காலை இரண்டு மணி நேரம், அவள் மாதக்கணக்கில் தேய்க்காத அளவு துணி தேய்த்தாள்.

பத்து மணிக்கு மேல் எட்டிப் பார்த்தபோது துரை சுவரோரம் நின்றிருந்தான். தலை ஆடியது. கண் எதையோ பார்த்தது, அவளை இல்லை. ஓர் அடி எடுத்து வைத்துச் சரிந்து விழுந்தான், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அவள் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார்.

"காலைல நல்லாத்தானே தின்னான்! தட்டே காலி!"

கணவர் தட்டைத் திரும்பிப் பார்த்தார். "எறும்பு மொய்ச்சுதுன்னு நான்தான் கொட்டிட்டுத் தட்டைக் கழுவி வச்சேன். நீ வேற வச்சிருப்பேன்னு நெனச்சேனே…"

மருத்துவர் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்து, சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து விரலால் ஈறில் தடவினாள். பல் விரலில் பட்டு ரத்தம் வந்தது, தெரியவில்லை. துணிக்கூடையில் அவனைக் கிடத்தி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். கடை திறந்தபடி கிடந்தது. வழியெல்லாம் தடவிக்கொண்டே போனாள்.

ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. இன்னும் அரை மணியில் துரை தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தான், எவன்டா என்னை இங்கே கொண்டுவந்தது என்கிற பழைய பார்வை. அதைப் பார்த்ததும் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய உடம்பு குலுங்க அழ ஆரம்பித்தார்.

"நான்தான் டாக்டர். ஒரு வார்த்தை இவகிட்ட கேட்டிருக்கலாம்ல? ஊர் கதையெல்லாம் பேசுறேன், இத கேக்கல. நான்தான் கொல்லப் பாத்தேன். அவன எறும்பு கடிக்கக் கூடாதுன்னு வளத்தவ இவ…"

தன் மேல் பழி விழுந்திருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருப்பாள். அவர் வாயால் வந்த அந்தக் கடைசி வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

"டாக்டர், நான் அடிச்சேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"அன்னிக்கு நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். ஹேங்கரால அடிச்சேன், இடுப்புல. ரெண்டு அடி. அப்புறம் பாத்ரூம்ல போட்டு அடைச்சேன். அவன் கால் போனது என்னாலதான்."

மருத்துவர் குனிந்து துரையின் இடுப்பை மறுபடி தடவிப் பார்த்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா எக்ஸ்ரே எடுத்திருப்பேன்ல?" என்றாள். குரலில் கடுமை இருந்தது, அவளுக்கு அது வேண்டியிருந்தது. அப்போதே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னாள்: "எலும்புல ஒண்ணுமில்ல. கால் தொவண்டது சர்க்கரையால, நரம்பு பலம் போயிருது. சர்க்கரை கட்டுக்குள்ள வந்தா பெரும்பாலும் சரியாகும். நீங்க அடிச்சதால வந்ததில்ல."

இந்த வார்த்தை கேட்டால் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கும் என்று ஒரு வாரமாக நினைத்திருந்தாள். இறங்கவில்லை. கால் போனதற்கு வேறு காரணம் இருந்தது. அடித்ததற்கு இல்லை.

மருத்துவர் வேறு எதையோ யோசித்தாள். "சாப்பாடு எங்க வைக்கிறீங்க?"

"பாத்ரூம்ல."

"அடைச்சு வச்சிருந்த அதே பாத்ரூம்லயா?"

அவள் தலையாட்டினாள்.

"முதல்ல தட்ட அங்கேருந்து எடுங்க. குமட்டலுக்கும் மாத்திரை தர்றேன். ரெண்டுமா சேந்துதான் தின்ன விடாம பண்ணுது."

வீடு திரும்பிய பிறகு கணவர் குரல் கேட்கவில்லை. அன்று முழுவதும் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் சாயங்காலம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் முடிச்சிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"ஹேங்கர் கம்பியா, மரமா?"

"மரம்."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

தட்டைக் கடைக்குக் கொண்டுவந்து, இஸ்திரி மேசைக்குப் பின்னால் சூடு படும் மூலையில் வைத்தாள். முதல் நாள் துரை அதன் பக்கம் போகவில்லை. இரண்டாம் நாள் போனான், அவள் பார்த்தாள், திரும்பிவிட்டான். மூன்றாம் நாள் ஒரு கல்யாண வீட்டுத் துணி. முதுகைக் காட்டிக்கொண்டு நீளமான ஒரு பட்டுத் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் 'சப் சப்' என்று சத்தம் கேட்டது. பட்டில் பெட்டியை நிறுத்தக் கூடாது. அவள் நிறுத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. சத்தம் ஓயும்வரை அதே இடத்தை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கணவரைக் கூப்பிட்டு, "நீங்க கொட்டலையே?" என்று கேட்டுக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

அன்றிலிருந்து அதுதான் ஒழுங்கு. காலையும் சாயங்காலமும் தட்டை வைத்துவிட்டு அவள் திரும்பி நின்றுகொள்வாள். அவன் தின்பான். தின்றதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஊசி. மூன்று மாதத்தில் ஊசியின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். குதி தரையைவிட்டு எழும்பியது. படியேறும்போது மட்டும் இடது கால் கொஞ்சம் யோசிக்கும். உடம்பும் தேறியது. கணவர் உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்வான். அவள் உட்கார்ந்தால் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கை தூரம் தள்ளிப் படுத்துக்கொள்வான். ஊசிக்கு மட்டும் அசையாமல் இருப்பான்.

பூனைக்கு அக்கா ஊசி போடுகிற கதை தெருவெல்லாம் பரவிவிட்டது. பார்க்கவே சிலர் வந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம், புதிதாகக் குடிவந்த ஓர் ஆசிரியை போர்வை கொடுக்க வந்தவள், ஊசி போட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"பெத்த புள்ளைக்குக்கூட இப்படி நேரம் தவறாம செய்ய மாட்டாங்க. உங்க கையில வந்து சேர்ந்தானே, குடுத்து வச்சவன்."

இந்த மாதிரி சொல்லுக்கு இத்தனை நாளும் அவள் சிரித்து வைத்திருக்கிறாள். அன்று சிரிப்பு வரவில்லை. ஊசியை மூடி டப்பாவில் போட்டாள்.

"நான் இவன அடிச்சிருக்கேங்க" என்றாள். "இவனுக்கு நோவுன்னு தெரியாம. தெரிஞ்சப்புறம் அத மறச்சேன்."

ஆசிரியை துரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த போர்வையை மேசைமேல் வைத்து, "எப்ப வரட்டும் அக்கா?" என்றாள்.

"நாளன்னிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் போர்வையைப் பிரித்துக் கறை எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.