மச்சாளின் கை

கர்ப்பிணி சாந்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்தவர்கள் ஒருவரும் ஏப்ரல் மாதத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நாலாம் மாடியில் இருந்து பார்த்தவர்கள் அல்லர். எனக்கு அப்போது ஏழு மாதம். கடல் கிட்டத்தான் இருந்தது. ரயில் போனால் யன்னல் கம்பிகள் அதிரும். ஆனால் காற்று மட்டும் எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்காது; முன்னால் புதிதாக எழும்பிய கட்டடம் அதை முழுதாக மறித்துக்கொண்டு நின்றது. அந்தக் கட்டடத்தில் குடியிருந்த, முகம்கூடத் தெரியாத சனங்களோடு நான் தினமும் மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

குளிர்ச்சிக்கென்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தேன். செவ்விளநீர் குடித்தேன். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து நனைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டேன். பின்னேரங்களில் குழாய்த் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் கால்களை விட்டபடி, வீட்டிலுள்ள எல்லாரோடும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். இவை எல்லாம் பத்து நிமிடச் சுகம். இடுப்பின் வலப்பக்கத்தில் ஒரு வலி இருந்தது, அது எதற்கும் மசியவில்லை. கால்களோ பொழுதுபட முன்னமே வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தன. கிளினிக்கில் டொக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்தார். "பயப்பட ஒண்டும் இல்லை. வெக்கைக்கும் பாரத்துக்கும் வாற வீக்கம்தான். கர்ப்பிணிகளுக்குச் செய்து பழகின ஆள் இருந்தா மெல்லிசா மசாஜ் செய்விக்கலாம்" என்றார்.

பழகின ஆள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். என் கணவரின் அக்கா. கர்ப்பிணிகளுக்கு மசாஜ் செய்வதுதான் மச்சாளின் வேலையே. பம்பலப்பிட்டிப் பக்கம், பெண்களுக்கு மட்டும் என்று நடக்கும் ஒரு சிறிய நிலையத்தில் ஒன்பது வருடமாக அதைச் செய்கிறார். வீடு கொட்டாஞ்சேனையில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறித் தாயையும் தம்பியையும் பார்க்க எங்களிடம் வருவார். அந்த ஏழு மாதத்தில் மச்சாள் ஒருநாளும் என்னைத் தொட்டதில்லை.

மச்சாளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போயின. இரண்டாவது போனது ஏழாம் மாதத்தில். அதன்பிறகு கரு தங்கவே இல்லை. அப்படிப்பட்டவரின் கை கர்ப்பிணியில் படக்கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னது கிடையாது. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். மச்சாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமி எழும்பி வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொள்வார். "நீ களைச்சு வந்திருக்கிறாய். அங்க ஃபானுக்குக் கீழ ஆறுதலா இரு" என்று தன் மகளைத் தூரத்துக் கதிரைக்கு அனுப்புவார். மச்சாள் கொண்டுவரும் மாம்பழத்தை மாமியே வாங்கிக் கழுவி, மாமியே வெட்டித் தருவார். மச்சாள் அந்தத் தூரத்துக் கதிரையில் இருந்தபடியே நன்றாகச் சிரித்துக் கதைத்துவிட்டு, வெயில் தணிய முன்னம் பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

மாமியைக் குற்றம் சொல்லி நான் நல்லவளாகிவிடலாம். ஆனால் அது பொய். கம்பஸ் முடித்தவள், வேலைக்குப் போகிறவள், ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவள் நான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மாமி எழும்பி வந்து பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். கெட்ட பெயரை மாமி எடுத்துக்கொள்ள, நான் நல்ல மருமகளாகப் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

அதனால்தான் மச்சாளிடம் கேட்காமல், கூட வேலை செய்யும் ஒருத்தி சொன்ன, கிருலப்பனையில் உள்ள மசாஜ் இடத்துக்குப் போனேன். மாமிக்குக் கிளினிக் என்று பொய். செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஓட்டோவில், வேர்த்து ஒழுகி. ஓட்டோக்காரர் கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பள்ளத்திலும் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த நல்ல மனிதர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அங்கே இருந்தது இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வாசனை எண்ணெய்ப் போத்தலைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது. அவள் உடனே அதை மூடிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறும் தேங்காயெண்ணெயோடு வந்தாள். மல்லாந்து படுக்கப் போன என்னை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தாள்.

"ஒரு தலகாணி முழங்காலுக்கு நடுவுல, ஒண்ணு வயித்துக்கு அடியில. வயிறு தொங்கக் கூடாதுக்கா. அது தொங்கித்தான் உங்க இடுப்பு இழுக்குது" என்றாள்.

கணுக்காலில் இருந்து மேல் நோக்கி, அவசரமே இல்லாமல், உள்ளங்கை முழுவதையும் வைத்து நீவிக்கொண்டு வந்தாள். இடுப்பில் கட்டைவிரலைச் சிறு வட்டமாகச் சுற்றினாள். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் அரைவாசி இறங்கிவிட்டது. சந்தோஷத்தில் நான் வாயைக் கொடுத்தேன்.

"நல்ல கை தங்கச்சி உமக்கு. எங்க பழகினீர்?"

"பம்பலப்பிட்டியில ஒரு அக்கா சொல்லித் தந்தாங்கக்கா. அழுதுக்கிட்டு வர்ற பொம்பளைங்க கூட அவங்க கை பட்டா தூங்கிப் போயிருவாங்க. அவங்ககிட்ட இடம் கெடைக்கிறதுதான் கஷ்டம். எங்க வீட்டுக்கு ரெண்டு லேன் தள்ளித்தான் இருக்காங்க, கொட்டாஞ்சேனையில." பெயரையும் சொன்னாள். "நீங்க வெள்ளவத்தைப் பக்கந்தானே, அவங்க அம்மாவும் அங்கதான். உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றேன்.

அவள் ஒரு சந்தேகமும் இல்லாமல் மற்றக் காலைப் பிடிக்கத் தொடங்கினாள். ஏசி குளிருக்குள்ளும் எனக்கு முகம் சுட்டது. அரைவாசி இறங்கிய வலியோடு வீடு வந்தேன். மாமி டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். எல்லாம் நல்லமாம் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தார். மாமி அடுப்பில் எதையோ வைத்துவிட்டு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். மச்சாள் தானாகவே தூரத்துக் கதிரைக்குப் போனார். யாரும் சொல்லத் தேவையில்லாமல் அவர் அங்கே போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"மச்சாள், எனக்கு இடுப்பு ஏலாமல் கிடக்கு. ஒருக்காப் பிடிச்சு விடுறீங்களே?"

மாமி ஈரக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். "அவள் பாவம், கிழமை முழுக்க இதே வேலை. இங்கயும் வந்து…"

"நான்தான் கேட்டனான் மாமி."

மச்சாள் தன் மடியைப் பார்த்தபடி, "வேண்டாம்" என்றார்.

"ஏன் மச்சாள்?"

"நாளைக்கு ஏதும் ஒண்டெண்டா என்ர கையைத்தான் சொல்லுவினம்."

இத்தனை நாளும் யாருமே சொல்லாத விஷயத்தை, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லும் குரலில் அவர் சொன்னார்.

"நான் சொல்லமாட்டன்" என்றேன்.

"நீர் சொல்லமாட்டீர்" என்றார் மச்சாள். "நினைப்பீர்."

எனக்கு முதலில் வந்தது கோபம். உண்மையை முகத்துக்கு நேரே சொன்னால் எனக்கு அப்படித்தான். இல்லை என்று சத்தம் போட வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நினைச்சனான் மச்சாள். அதாலதான் செவ்வாய்க்கிழமை கிருலப்பனைக்குப் போய் மசாஜ் செய்விச்சனான். மாமிக்குக் கிளினிக் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போனனான். அங்க இருந்த பிள்ளை நீங்கள்தான் பழக்கினதெண்டு சொன்னவ. உங்களைத் தெரியுமோ எண்டு கேட்டவ. நான் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

சொல்லி முடிக்க முன்னமே அழத் தொடங்கிவிட்டேன். மூக்கு ஒழுக அழும் அசிங்கமான அழுகை. மச்சாள் என்னைத் தேற்றவில்லை.

பிறகு, "தலகணி எத்தினை வச்சவள்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"முதுகுக்கு?"

"முதுகுக்கு வைக்கேல்லை."

"மூண்டு வைக்கவேணும். சொல்லிச் சொல்லியே களைச்சுப்போனன் அவளுக்கு." மச்சாள் எழும்பினார். "எங்க, காலைக் காட்டும்."

இரண்டு காலும் ஒரே அளவாகத்தான் வீங்குகிறதா, ஒரு கால் மட்டும் சுடுகிறதா, தலையிடி உண்டா, கண் மங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்படி ஏதும் இருந்தால் தொடவே மாட்டேன், நேரே ஆஸ்பத்திரிதான் என்றார். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். அதுதான் அவர் என்னைத் தொட்ட முதல் தடவை. விரல் குளிர்ந்திருந்தது.

அறைக்குள் எங்கள் கட்டிலில் இரண்டு தலகணிதான் இருந்தது. மச்சாள் சுற்றுமுற்றும் பார்த்தார். மூன்றாவதை மாமி கொண்டுவந்தார், தன் கட்டிலில் இருந்து, புது உறை போட்டு. மகளின் முகத்தைப் பார்க்காமல் என் முதுகுக்குப் பின்னால் அதைச் சொருகிவிட்டு, அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்.

கிருலப்பனைப் பெண் சொன்னது பொய்யில்லை. ஈரத்துணியை என் பிடரியில் போட்டுவிட்டு, கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கி மச்சாள் தொடங்கினார். இடுப்பில் அந்த இடத்தை நான் காட்டவே இல்லை. அவர் கை நேரே அங்கேதான் போனது. பலம் போட்டு அழுத்தவில்லை. கையை வைத்துக் காத்துக்கொண்டிருந்தது போலத்தான் இருந்தது, பிறகு வலி மெல்ல மெல்ல இறங்கியது. வயிற்றை மட்டும் அவர் தொடவில்லை. தொடச் சொல்லி நானும் கேட்கவில்லை. கண் விழித்தபோது மச்சாள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். என் கால்கள் இரண்டும் ஒரு பழைய போர்வையின்மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தன.

அதன்பிறகு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். வெக்கை குறையவில்லை. முன்கட்டடம் விலகவில்லை. ஆனால் நான் நடந்தேன், நித்திரை கொண்டேன், மாமியோடு எரிந்து விழுவதை வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைத்தேன்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். அது இடம் மாறியது. முன்பு மச்சாளின் கையால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது பிள்ளைக்கு ஏதும் வந்து அந்தப் பழி மச்சாளின் கைமேல் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். வயிற்றுக்குள் கொஞ்ச நேரம் அசைவில்லாவிட்டால், குளிர்த் தண்ணீர் குடித்துவிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்துக்கொண்டு, உதை, அந்த மனுசிக்காக எண்டாலும் ஒருக்கா உதை என்று கெஞ்சுவேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை வீரிட்டு அழுதபோது, பெண்ணா ஆணா என்று கேட்க முன்னம் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. மச்சாள் தப்பிவிட்டார். பெற்றவள் அப்படியா நினைப்பாள் என்று யாரும் கேட்கலாம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

பெண் பிள்ளை. பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் எல்லாரும் வந்தார்கள். மாமி பிள்ளையைத் துணியோடு சேர்த்துத் தூக்கி வைத்துக்கொண்டார். மச்சாள் கட்டிலின் கால்மாட்டில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கதிரைகள் இல்லாத அந்த இடத்திலும் அவருக்கு ஒரு தூரம் இருந்தது.

மாமி மகளைப் பார்த்தார்.

"பிடிச்சு விட நீ, தூக்க நானோ? இந்தா, பிடி."

மச்சாள் கையை முன்னால் எடுத்துப் பார்த்தார். "கை கழுவிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு மூலையில் இருந்த பாத்ரூமுக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. என் கணவர் பொறுமையிழந்து பிள்ளையை வாங்கக் கை நீட்டினார்.

"பொறு. அவள் வரட்டும்" என்றார் மாமி.