ஒரு சொட்டுகூடக் கசியாத ஹோஸ்

அறுபதுகளின் தொடக்கத்தில், மழை ஏமாற்றிய ஒரு மார்கழி மாதம். திருவரங்குளத்திலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம் மிதித்தால் வரும் ஒரு கண்மாய்க்கரையில் நடந்தது இது.

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில், கடனுக்குக் கொடுத்த டீசல் பம்புசெட்டுகளைப் பார்வையிடுவது என் வேலை. டிப்ளமா முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கையேடு முழுவதும் எனக்கு மனப்பாடம். என்மேல் எனக்கு அன்றிருந்த மரியாதை, பிற்பாடு வேறு யாருக்கும் என்மேல் வந்ததில்லை.

அந்த வருடம் கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டது. இறைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஊர் கூடி முறை வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் காலை வெளுத்ததிலிருந்து மத்தியான பஸ் போகும்வரை, அடுத்தவருக்கு அதிலிருந்து பொழுது சாயும்வரை. முறை தவறினால் மறுபடி எட்டு நாள் காத்திருக்க வேண்டும்.

அன்று காலை முறைக்காரருக்கு ஒன்றரை ஏக்கர். நெற்பயிர் பொதியில், கதிர் உள்ளேயே அடங்கியிருக்கும் பருவத்தில் இருந்தது. இன்று ஒரு நனைப்பு கிடைத்தால் கதிர் வெளியே வரும். எட்டு நாள் கழித்துப் பாய்ச்சினால் மாட்டுக்கு வைக்கோல் கிடைக்கும், அவ்வளவுதான். அவருக்கு அதைத் தவிர வேறு நிலம் இல்லை.

கடனில் அவருக்குக் கிடைத்த எஞ்சின், பட்டாளத்தில் பயன்படுத்தி ஏலத்தில் விட்ட பழைய சரக்கு. டீசல் பீப்பாய் கீழே தரையில் இருக்கும். அங்கிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகச் சின்ன பம்பு ஒன்று டீசலை மேலே உறிஞ்சும். பதினைந்து நாள் முன்பு நான் பார்வையிடப் போனபோதே அந்த ஹோஸை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. "கசிவு உண்டா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். கசிந்தால்தான் மாற்றலாம் என்பது விதி. அவர் முகம் வாடியதையும் பார்த்தேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அன்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. எஞ்சின் விடியற்காலையிலிருந்து இரண்டு நிமிடம் ஓடுவதும் இருமிவிட்டு நிற்பதுமாக இருந்தது. டீசலில் காற்று சேர்ந்திருக்கிறது என்று உடனே சொன்னேன். அது சரிதான். திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை நுரையாக வந்த காற்றை வெளியேற்றினேன். எஞ்சின் ஓடியது. நின்றது. மறுபடி காற்றெடுத்தேன். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். செப்பு வாஷர்களை மாற்றினேன். கையேட்டில் இருந்த பத்துப் படிகளையும் வரிசை மாறாமல் இரண்டு தடவை செய்து முடித்தபோது மணி பத்தரை. நுரை மட்டும் நிற்கவில்லை.

முறைக்காரர் வரப்பில் உட்கார்ந்து பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியான முறைக்காரர் அதற்குள் மண்வெட்டியோடு வந்து, மரியாதையாகச் சற்றுத் தள்ளி நின்றார்.

டீசல் கொண்டுவந்த பெண் ஒருத்தியும் அங்கே இருந்தாள். பக்கத்து ஊரில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்தவள், என் வயதுதான் இருக்கும். தகர டின்னைத் திரும்ப வாங்கிப் போகக் காத்திருந்தாள். அவ்வளவு நேரமும் என்னை ஒரு வித்தைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தவள், கடைசியில் வாயைத் திறந்தாள்.

"சார், அந்த ட்யூப்பை ஏன் தொடவே மாட்டேங்கிறீங்க?"

கசியவில்லை என்றேன், விதி எண்ணோடு.

"எப்புடிங்க கசியும்? மேல இருந்து எறங்குற எண்ணெயா இருந்தா ஒழுகும். இது கீழ இருந்து ஏத்துற எண்ணெய். ட்யூப்புல கீறல் இருந்தா எண்ணெய் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். தெனம் பீப்பாய்ல ட்யூப்ப விட்டு வாய வச்சு உறிஞ்சுறேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குக் காது சுட்டது. அவள் சொன்னது நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம்.

அவள் மடியிலிருந்து துணி சோப்புத் துண்டு ஒன்றை எடுத்து, தண்ணீர் தொட்டுப் பிசைந்து, ஹோஸ் எஞ்சினின் பித்தளைக் குழல் முனையான நிப்பிளில் சேரும் இடத்தில் சுற்றி அப்பினாள். அவளுடைய கடையில் ட்யூப் ஓட்டையானால் அதுதான் வைத்தியமாம். "இப்ப அமுக்குங்க" என்றாள்.

கைப்பம்பை அழுத்தினேன். நாலு குமிழி வந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் கண்ணாடி மாதிரி சுத்தமான டீசல். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. உத்தியோகம் தடுத்தது.

"சோப்பு எம்புட்டு நேரம் தாங்கும்?" என்று முறைக்காரர் எழுந்து வந்தார். என் சைக்கிள் பையைப் பார்த்தார். வாஷர் எடுக்கத் திறந்தபோதே அதில் புது ஹோஸ் இருப்பதை அவர் பார்த்திருந்தார். வேறொருவருக்கு, முறைப்படி கசிந்த ஒருவருக்கு, கொண்டுபோக வைத்திருந்தது.

நான் தயங்கினேன் என்பதை எழுதத்தான் வேண்டும். அரை நிமிடம் இருக்கும்.

"பயிரு காஞ்சப்புறம் கசிவு உண்டுன்னு எழுதிக்கங்க சார்" என்றாள் அவள்.

பையைத் திறந்தேன். பழையதைக் கழற்றி, புதிய ஹோஸை அளந்து வெட்டினேன். தேய்ந்துபோன நிப்பிளையும் மாற்றினேன். கிளிப்புகளை முறுக்கிக் காற்றெடுத்து முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முறைக்காரர் சுற்றுக் கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் பிடித்தது. இரண்டு நிமிடம் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். மூன்றாவது நிமிடமும் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் புரண்டு போனது, முறைக்காரர் அதோடு சேர்ந்து ஓடினார்.

பஸ் வழக்கமாக வரும் பன்னிரண்டு மணி ஆனபோது முக்கால் வயல்தான் நனைந்திருந்தது. மத்தியான முறைக்காரர் என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்து, நேரமாயிருச்சே என்றார். விதி தெரிந்தவனிடம் அவர் கேட்டிருக்கக் கூடாது.

"முறை கடிகாரத்துக்கா, பஸ்ஸுக்கா?" என்றேன்.

"பஸ்ஸுக்குத்தான்."

"அப்ப பஸ் வரட்டும்."

அவர் சிரித்துவிட்டார். பஸ் அன்று வழியில் எங்கேயோ பஞ்சராகி நின்றிருந்தது. கடைசிப் பாத்தியில் தண்ணீர் ஏறி, முறைக்காரர் வரப்பில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஹாரன் கேட்டது. எனக்கு அவ்வளவு இனிமையான ஹாரன் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

பழைய ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். மேலே வழவழப்பு. உள்ளே பட்டை பட்டையாக உரிந்து, நிப்பிள் முனையில் மயிரிழைக் கீறல்கள். "கசிவு உண்டா?" கட்டத்தில், "வெளியே இல்லை. காற்று உள்ளே போகிறது. மாற்றப்பட்டது" என்று எழுதினேன். அதிகாரி விளக்கம் கேட்டார். பிளந்த ஹோஸை அவர் மேசைமேல் வைத்தேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

எண்ணெய்க்காரப் பெண் அன்று டின்னை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "என் சோப்பு பாதியாப் போச்சு, அதுக்கு எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்றாள். மறுவாரம் ஒரு முழு சோப்பை அவள் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓய்வு பெறும்வரை ஆயிரக்கணக்கான படிவங்களில் "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அந்த மார்கழிக்குப் பிறகு, நான் தடவிப் பார்த்தது சரியான பக்கம்தானா என்று ஒரு கணம் பேனாவை நிறுத்தாமல் அந்தச் சொல்லை எழுதியதில்லை.